விலகி நிற்பதும் ஓர் அறம்

பிறர் பொருளை எடுத்துக்கொண்டவனைத் திருடன் என்கிறோம். உயிரைப் போக்கியவனைக் கொலைஞன் என்கிறோம். இவ்விரண்டில் ஒன்றையும் செய்யாமல், கையை வீசிக்கொண்டு ஒரு மலைமீது ஏறி, கண்ணாரக் கண்டு, மனமார மகிழ்ந்து, ஒரு புல்லையும் கிள்ளாமல் திரும்பி வருகிறானே ஒருவன், அவனை என்னவென்று சொல்வது? குற்றமற்றவன் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால், அவன் அவ்வழியே நடந்த ஒரே காரணத்தால், மேய்ந்துகொண்டிருந்த ஒரு தாய்விலங்கு தன் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பசியோடு ஓட நேர்ந்ததென்றால், அப்போதும் அவன் குற்றமற்றவன்தானா?

தருக்கப் பயிற்சிக்காக நாம் கற்பித்துக்கொண்ட கேள்வியன்று இது. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டின் மலைகளில் ஆண்டுதோறும் நிகழ்ந்துவரும் செய்தி. அம்மலைகளில் வாழும் காட்டுத் துருவமான்களையும், அங்கே பொழுதுபோக்குக்காகச் செல்லும் மக்களையும் பற்றி அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். அவற்றைப் படிக்குந்தோறும், இது மான்களைப் பற்றிய ஆராய்ச்சியா, அன்றி மனிதனின் மனச்சாட்சியைப் பற்றிய ஆராய்ச்சியா என்ற ஐயம் நமக்கு எழுவதுண்டு. அந்த ஐயத்தை வாசகர்களோடு சற்றே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மானும் அதன் மலையும்

ஆங்கிலத்தில் 'ரெயின்டீர்' என்று வழங்கும் விலங்கையே துருவமான் என்கிறோம். மானினத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்கு மட்டுமே உரிய சிறப்பு. நார்வேயின் வடபகுதியில் சாமி இன மக்கள் இம்மானை மந்தையாக வளர்த்து வாழ்கின்றனர். ஆனால் அந்நாட்டின் தென்பகுதி மலைகளில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை எவராலும் வளர்க்கப்படாதவை. பனியூழி முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது அவற்றைத் தொடர்ந்து வடக்கே சென்ற பழைய மான்கூட்டங்களின் வழிவந்தவையும் அவற்றுள் உண்டு. குளிர்காலக் கணக்கின்படி அவை ஏறத்தாழ 25,000. ஐரோப்பாவில் காட்டு மலைத் துருவமான்களுக்கு எஞ்சியிருக்கும் பெரும் புகலிடம் அம்மலைகளே.

அந்த மலைகளில் குளிர்காலம் ஆண்டில் பாதிக்கு மேல் நீளும். புல் இல்லை, இலை இல்லை. பனிக்கு அடியில் பாறையையும் மண்ணையும் ஒட்டி வளரும் ஒருவகைப் பாசியே அப்போது மானுக்கு உணவு. நம் வீட்டுப் பிரியாணியில் மணத்துக்காக இடும் கல்பாசி இருக்கிறதே, அதற்கு உறவான இனம்தான் இது. மான் மோப்பத்தால் அதன் இடமறிந்து, குளம்பால் பனியைத் தோண்டி, குழிக்குள் முகம் புதைத்து மேயும். இப்பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஒருமுறை அடியோடு மேய்ந்துவிட்டால் மீண்டும் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். இதில் சத்தும் குறைவு. ஆகவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழித்துத்தான் அம்மான் குளிரைக் கடக்கிறது. பத்து மாத வருமானத்தை வைத்துப் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்தும் இல்லத்தரசியின் கணக்கு அது. எதிர்பாராத செலவு ஒன்று வந்தாலும் கணக்கு குலைந்துபோகும்.

செலவின் காலத்திலேயே பெண் மான் வயிற்றில் கருவையும் சுமக்கிறது. மே மாதத்தில் கன்று ஈனுகிறது. பிறகு கோடை வந்தால் வேறொரு துன்பம். மூக்கிலும் தோலிலும் புகுந்து முட்டையும் புழுவும் இடும் ஈக்கள் மொய்க்கும். அவற்றுக்குத் தப்பி உருகாத பனித்திட்டுகளையும் காற்று வீசும் முகடுகளையும் நாடி மான்கள் ஏறும். இவ்வாறு குளிருக்கு ஓரிடம், பேற்றுக்கு ஓரிடம், கோடைக்கு ஓரிடம் என்று அவை மாறிமாறிச் செல்லவேண்டியிருக்கிறது. அவை அலைவது விருப்பத்தால் அன்று. அலைந்தால்தான் பிழைக்க முடியும்.

அச்சத்தின் வரலாறு

இம்மான் மனிதனைக் கண்டால் ஏன் ஓடுகிறது? அதற்கு நீண்ட காரணம் உண்டு. டோவ்ரே, ரொண்டானே ஆகிய மலைப்பகுதிகளில் கற்பலகைகளால் கட்டிய குழிகள் வரிசை வரிசையாக இன்றும் காணக்கிடைக்கின்றன. மான்கள் காலங்காலமாகக் கடந்து சென்ற வழிகளை அறிந்து, அவ்வழிகளின் குறுக்கே முன்னோர் வெட்டிவைத்த பொறிக்குழிகள் அவை. இடைக்காலம் வரை இவ்வாறு மான்களைத் திரளாகப் பிடித்தனர். பின்னர்த் துப்பாக்கி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மான்கள் மிகவும் அருகிப்போயின. ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஓடத் தெரிந்தவையே உயிர் பிழைத்தன. ஓடத் தெரியாதவை கன்று ஈனவில்லை. இன்றைய மானின் அச்சம் அவ்வாறு வந்த சொத்து.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. வட துருவத்துக்கு அருகே, நார்வேக்கு உரிய ஸ்வால்பார்ட் தீவுகளில் இதே மானின் குறுங்கால் இனம் ஒன்று வாழ்கிறது. அங்கே ஓநாய் இல்லை. வேட்டையால் அழிந்துபோகும் நிலையில் இருந்த அதற்கு 1925இல் சட்டம் பாதுகாப்பு அளித்தது. தென்பகுதி மலைகளில் உள்ள தன் உறவினத்தைக் காட்டிலும் மனிதனை அது மிக அருகில் வரவிடுகிறது. வீட்டு மந்தையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் சென்றவற்றின் வழிவந்த மான்களும் தென்பகுதியில் உண்டு. அவற்றின் அச்சமும் சற்றுக் குறைவே. பழைய காட்டினத்தின் வழிவந்த ரொண்டானே மான்களோ, பழைய பாடத்தை மறக்கவில்லை.

பின்னர் மனிதனின் வழிகள் மானின் வழிகளைக் குறுக்கிட்டன. ஒஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1909இல் திறக்கப்பட்டது. டோவ்ரே மலைவழியே செல்லும் இருப்புப்பாதை 1921இல் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலைகள் வந்தன. மின்னுற்பத்திக்காக மலை ஏரிகளில் அணைகள் எழுந்து பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. ஒன்றாக இருந்த பெருநிலம் இருபதுக்கு மேற்பட்ட தனித்தனித் துண்டுகளாயிற்று. கழுத்தில் விண்கோள் வழியே இடம் காட்டும் பட்டை கட்டி, மான்கள் இன்று செல்லும் வழிகளைக் குறித்து, அவற்றைப் பழைய குழிகளின் வரிசையோடு ஒப்பிட்டு 2013இல் ஆய்வொன்று வெளிவந்தது. குழிகள் காட்டும் பழைய வழிகள் பலவற்றில் இன்று மான் வருவதில்லை. அன்று மானைக் கொல்ல வெட்டிய குழியே, இன்று மானுக்கு உரிய வழி எதுவென்று சொல்லும் ஆவணமாகிவிட்டது!

அன்போடு வந்தவர்கள்

சாலையும் அணையும் பயன் கருதி வந்தவை. நம் கேள்வி அவற்றைப் பற்றியதன்று. பயன் ஏதும் கருதாமல், மலையின்மீது கொண்ட அன்பினால் வந்தவர்களைப் பற்றியது.

நார்வே மக்கள் மலையை நேசிப்பவர்கள். 1868இல் அங்கே மலைநடைச் சங்கம் ஒன்று தோன்றிற்று. இன்று 500க்கு மேற்பட்ட மலைவிடுதிகள் அதற்கு உண்டு. பாறைகளில் சிவப்பு நிறத்தில் 'டி' என்ற எழுத்தைத் தீட்டி அச்சங்கம் அடையாளமிட்ட பாதைகள் நாடெங்கும் செல்கின்றன. பயிரிடாத நிலத்தில், அது யாருடையதாயினும், எவரும் நடக்கலாம் என்ற பழைய வழக்கை 1957ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் உறுதி செய்தது. செல்வன் மலைக்கு வேலி போட்டுக்கொண்டு ஏழையை வெளியே நிறுத்த முடியாது என்பது இதன் பொருள். இது உயர்ந்த சட்டம் என்பதில் ஐயமில்லை. 1962இல் ரொண்டானே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 3,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய ஹார்டாங்கர்விட்டா 1981இல் தேசியப் பூங்காவாயிற்று. இவையெல்லாம் மலையை நேசித்தவர்களின் முயற்சியால் விளைந்த நன்மைகள்.

ஆனால் அன்பு பெருகப் பெருகக் கூட்டமும் பெருகிற்று. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் உள்ள அந்நாட்டில் ஓய்வில்லங்கள் மட்டும் 4 இலட்சத்துக்கு மேல் உள்ளன. ஈஸ்டர் விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டு மலைக்குச் செல்வது அவர்களது வழக்கம். அது மார்ச்சிலோ ஏப்ரலிலோ வருகிறது. அப்போதுதான் துருவமானின் கொழுப்புச் சேமிப்பு அடிமட்டத்தைத் தொட்டிருக்கும். வயிற்றில் கன்று முதிர்ந்துகொண்டிருக்கும். மனிதனின் ஓய்வுக்காலமும் மானின் ஒடுக்கக்காலமும் ஒன்றாய் வந்து சேர்கின்றன.

ஓடிய மானும் வராத மானும்

மனிதர் அருகே சென்றால் மான் என்ன செய்கிறது? முதலில் தலை நிமிர்த்திப் பார்க்கிறது. மேய்ச்சல் நிற்கிறது. கூட்டமாகச் சேர்கிறது. பின் ஓடுகிறது. ஓடி நின்று திரும்பிப் பார்க்கிறது. பிறகு மெல்ல மேயத் தொடங்குகிறது. இவ்வளவும் ஆய்வாளர்கள் தூரத்தையும் நேரத்தையும் அளந்து குறித்தவை.

அவ்வாறு அளந்ததில் வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியையும், ஓசையின்றிச் சறுக்கி வரும் மனிதனையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. வண்டியை மான்கள் தொலைவிலேயே அறிந்துகொண்டன. ஆனால் அதிக தூரம் ஓடியது வண்டியைக் கண்டன்று; ஓசையில்லாமல் வந்த மனிதனைக் கண்டுதான். 'நாம் இரைச்சல் போடவில்லையே, இயந்திரம் கொண்டுவரவில்லையே, அமைதியாகத்தானே வந்தோம்' என்று நிறைவுகொள்ளும் நல்ல மனிதனை இது சற்றே தலைகுனியச் செய்யும். ஆயிரம் ஆண்டுகளாகக் கொல்ல வந்தவனும் ஓசையில்லாமல்தானே வந்தான்?

ஆயினும் ஓட்டம் சிறு செய்திதான். சில நூறு மீட்டரோ, சற்று மிகுதியோ ஓடி, சிறிது நேரத்தில் மான் அமைதியடைந்து விடுகிறது. இதை மட்டும் பார்த்தவர்கள், தீங்கு பெரிதில்லை என்றனர். வேறு சிலர் மலை முழுவதையும் நோக்கினர். எங்கெங்கே மான்கள் இருக்கின்றன, எங்கெங்கே இருக்கவேண்டியவை இல்லை என்று கணக்கெடுத்தனர். அப்போதுதான் உண்மை புலப்பட்டது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2008இல் வெளியான கட்டுரை, சாலை, விடுதி, குடியிருப்பு போன்றவற்றிலிருந்து 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலத்தை மான்கள் பயன்படுத்துவது பாதிக்கு மேல் குறைந்துவிடுவதாகக் காட்டிற்று. ரொண்டானேயில் ஓர் உல்லாச விடுதிப் பகுதியைச் சுற்றிக் குளிர்காலத்தில் நோக்கியபோது, தாய்மான்கள் அதிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் விலகி நின்றன. ஆண் மான்களுக்கு அவ்வளவு அச்சமில்லை. கன்று உள்ளவளுக்குத்தான் அச்சம் அதிகம். அவளுக்குத்தான் நல்ல மேய்ச்சலும் அதிகம் வேண்டும்.

ஓடிய மானை நாம் காணலாம். வராத மானைக் காண முடியாது. மலைமீது நிற்பவன் சுற்றிலும் பார்க்கிறான். ஆளரவமற்ற வெளி, வெண்பனி, பேரமைதி. 'ஆகா, எவ்வளவு தூய்மையான தனிமை!' என்று நெஞ்சுருகுகிறான். தன்னைப்போன்றோர் வந்துபோகும் காரணத்தால் காலியான வீடு அது என்பது அவனுக்குத் தெரியாது. விருந்தாளி நடுக்கூடத்தில் அமர்ந்து வீட்டின் அமைதியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்காரியோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்தில் நிற்கிறாள்!

அவ்வாறு ஒதுங்கிய மான்கள் எங்கே செல்கின்றன? எஞ்சிய சிறு நிலத்தில் நெருங்கி மேய்கின்றன. அங்கே பாசி தேய்கிறது. இங்கே, மனிதன் நடக்கும் பாதையருகே, பாசி மேய்வாரின்றிச் செழித்துக்கிடக்கிறது. உணவு இல்லாமையால் வந்த பசி அன்று அது. உணவிருந்தும் கிட்ட வர அஞ்சும் பசி.

வழக்கும் மறுப்பும்

மலைக்குச் செல்வோர் தம் சார்பில் சொல்லக்கூடியவை பல உண்டு. அவற்றை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது.

'எங்களுக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை' என்பது முதல் வாதம். மெய்தான். அறியாமல் செய்தவனைக் குற்றவாளி என்று எவரும் கூறார். ஆனால் எண்ணத்தின் தூய்மை நம் பழியைக் குறைக்குமே தவிர, மானின் பசியைக் குறைக்காது. அன்றியும், அறியாமை என்னும் போர்வை ஒருமுறைதான் பயன்படும். அறிந்தபின் அதே வழியில் நடப்பவன் அறியாதவனுக்குரிய மன்னிப்பைக் கேட்க முடியாது.

'நான் ஒருவன் போவதால் என்ன வந்துவிடப்போகிறது?' என்பது இரண்டாவது. இதைச் சொல்பவர் ஒவ்வொருவரும் ஒருவரே. ஒற்றை மனிதனைக் கண்டு மலையைத் துறக்கும் மான் இல்லை. நாள்தோறும் மனிதர் வரும் பாதையைத்தான் அது துறக்கிறது. அந்தப் பாதை என்பது யாது? 'நான் ஒருவன்தானே' என்று சொன்னவர்களின் காலடிகளின் தொகுப்புதான். கூட்டாகச் செய்த தீங்கைத் தலைக்கு இத்தனை என்று பங்கிட்டால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துளிதான் விழும். ஆனால் தீங்கைப் பெற்றுக்கொண்ட உயிருக்கு அது துளித்துளியாக வரவில்லை; மொத்தமாக வந்து சேர்ந்தது.

'வேட்டைக்காரர்களைக் கேளாமல் எங்களை ஏன் கேட்கிறீர்கள்?' என்பது மூன்றாவது. கூர்மையான கேள்வி. அந்நாட்டில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அரசின் அனுமதியோடு ஆயிரக்கணக்கான மான்கள் வேட்டையாடப்படுகின்றன. அதற்குக் கணக்கு உண்டு. இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பு உண்டு. வேட்டைக்காரன் தான் எடுத்ததை அறிவான். உலாப்போகிறவன் எடுத்துக்கொள்வது மானை அன்று. மான் நிற்கவேண்டிய இடத்தை. அதற்குக் கணக்குமில்லை, எடுத்தோம் என்ற உணர்வுமில்லை. வேட்டையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தான் கடன்பட்டிருக்கிறோம் என்று அறிந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பாவது உண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

'எங்களைவிடச் சாலையும் அணையும் அல்லவா பெருந்தீங்கு?' என்பது நான்காவது. ஆம், அதில் ஐயமில்லை. எனினும், இருப்புப்பாதையைப் பெயர்த்தெடுப்பது அரிது. அணையை உடைப்பது அதனினும் அரிது. நடைபாதையை மாற்றுவதோ எளிது. மிகச் சிறிய இழப்பில் மிகப் பெரிய நன்மையைச் செய்யக்கூடியவன், தன்னைவிடப் பெரிய குற்றவாளியைச் சுட்டிக்காட்டித் தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ளலாமா?

ஐந்தாவது வாதமே வலிமை மிக்கது. 'மலையைக் கண்டவன்தானே மலையை நேசிப்பான்? நேசிப்பவன்தானே அதைக் காப்பான்? எங்களைத் தடுத்துவிட்டால், நாளை அங்கே சுரங்கம் தோண்டவும் காற்றாலை நாட்டவும் வருவோரை எதிர்த்துப் பேச யார் இருப்பார்?' இதை நாம் மறுக்கவில்லை. அத்தேசியப் பூங்காக்களே இதற்குச் சான்று. ஆனால் அன்புக்கு ஒரு சோதனை உண்டு. அன்புக்குரியவரின் நலம் நம் அருகாமையைக் கேட்கும்போது அருகே இருப்பது எளிது. நம் விலகலைக் கேட்கும்போது விலகுகிறோமா என்பதில்தான் அது அன்பா, ஆசையா என்பது தெரியும்.

நிழலில் கிடந்த மான்

இவ்விடத்தில் நம் மார்க்க நூல்களில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொல்லுவது மட்டுமன்று, அதை வெருட்டுவதும் கூடாது என்பது விதி. வெருட்டுவது என்றால் என்ன என்று விளக்க வந்த இக்ரிமா (ரஹ்) அவர்கள், நிழலில் இருக்கும் பிராணியை எழுப்பி அகற்றிவிட்டு அந்த நிழலில் தாம் தங்குவது என்று பொருள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கல்லெறிவதை அவர்கள் சொல்லவில்லை; துரத்தி அடிப்பதையும் சொல்லவில்லை. இளைப்பாற வந்த மனிதன் ஒரு விலங்கின் இளைப்பாறலைக் கெடுப்பதையே எடுத்துக்காட்டினார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மற்றொரு நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு இஹ்ராம் அணிந்து மக்காவை நோக்கிச் செல்லும் வழியில், அம்பு தைத்த மான் ஒன்று நிழலில் சுருண்டு கிடந்தது. கூட்டம் முழுவதும் கடந்து செல்லும்வரை எவரும் அதைக் கலைத்துவிடாதபடி ஒருவரை அதனருகே காவலாக நிறுத்தினார்கள்.

இவை புனித எல்லைக்கும் இஹ்ராமின் நிலைக்கும் உரிய சட்டங்கள் என்பதை நாம் அறிவோம். அவற்றை நார்வே மலைக்கு நீட்டித் தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. ஆனால், உயிரை வாங்குவதற்கும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் இடையே 'இடத்தைப் பறித்தல்' என்றொரு தீங்கு உண்டு என்பதை முன்னோர் பெயரிட்டு உணர்ந்திருந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. பயணக்கூட்டம் தன் பயணத்தைக் கைவிடவில்லை; வழியில் கிடந்த மானும் எழுந்து ஓடவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மனிதர் நின்றார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

விட்டுக்கொடுத்த பாதை

நார்வேயிலும் அவ்வாறு இடையே நிற்க முற்பட்டவர்கள் உண்டு. ரொண்டானேயில் மான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தின் நடுவே சென்ற பனிச்சறுக்குப் பாதைகளை வேறிடத்துக்கு மாற்றினர். விடுதி ஒன்றை அகற்றினர். பல ஆண்டுகளாக மான்கள் ஒதுக்கியிருந்த அந்நிலத்துக்கு அவை திரும்பி வந்து மேய்ந்தன என்று 2010இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. இதைப் படித்தபோது நம் உள்ளம் நிறைந்தது. மானின் அச்சம் ஆயிரம் ஆண்டு பழையது. ஆயினும் நாம் சற்று விலகினால் அது திரும்பி வரத் தயாராயிருக்கிறது!

2,286 மீட்டர் உயரமுள்ள ஸ்னோஹெட்டா சிகரத்துக்கு எதிரே யெர்கின் என்னும் இடத்தில், 2011இல் சிறு மண்டபம் ஒன்றைக் கட்டினர். முன்புறம் முழுதும் கண்ணாடி. உள்ளே மரத்தாலான இருக்கைகள். மலையையும், வாய்த்தால் தொலைவில் மேயும் மான்களையும் அங்கிருந்தபடியே காணலாம். உட்புகுந்து பார்ப்பதற்கு மாறாக, ஓரிடத்தில் நின்று பார்ப்பதற்கு மக்களைப் பழக்கும் முயற்சி அது. அதன் அருகே இருந்த இராணுவச் சுடுபயிற்சி நிலத்தைக் கைவிட்டு, சாலைகளையும் கட்டடங்களையும் அகற்றி, 2020 அளவில் இயற்கைக்கே திருப்பிக் கொடுத்தனர்.

ஆனால் பணி முடிந்துவிடவில்லை. 2020இல் காட்டுத் துருவமான்களின் நலத்தை அளப்பதற்கென்று அரசு ஒரு தரவிதியை வகுத்தது. 2021இல் அந்நாட்டின் அருகிவரும் உயிர்களைப் பற்றிய செம்பட்டியலில், ஆபத்தை நெருங்கும் இனமாக இம்மான் இடம்பெற்றது. 2022இல் 10 தேசியத் துருவமான் பகுதிகளை அத்தரவிதியால் அளந்து பார்த்தபோது, ஒன்றுகூட 'நன்று' என்ற தரத்தைப் பெறவில்லை. ஆறு பகுதிகள் 'மோசம்' என்ற தரத்தில் நின்றன. 2024இல் அரசு இதற்கென்றே தனி அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. சாலை, அணை, ஓய்வில்லம் ஆகியவற்றோடு நடைபாதையும் மலைவிடுதியும் இன்று அங்கே விவாதப்பொருள்கள்.

விவாதம் எளிதன்று. தந்தை கைப்பிடித்து அழைத்துச் சென்ற பாதையில் தன் மகனை அழைத்துச் செல்லவேண்டும் என்று விரும்புபவனிடம், 'இந்தப் பாதை இனி இல்லை' என்று சொல்லவேண்டியிருக்கிறது. அவன் நெஞ்சில் ஏற்படும் வலி பொய்யன்று. மலைக்கே செல்லாதே என்று அவனுக்குச் சொல்வாருமில்லை. கன்று ஈனும் மாதத்தில் இந்தச் சரிவு வேண்டாம், குளிரில் அந்தக் கணவாய் வேண்டாம் என்பதே கோரிக்கை. மகனுக்கு அவன் இனி அந்தப் பாதையைக் காட்ட முடியாது. ஆனால், அந்தப் பாதை ஏன் மூடப்பட்டது என்று சொல்லிக்கொடுக்கலாம். இரண்டில் எது பெரிய மரபுச்செல்வம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

முடிவாக ஒரு சொல். உல்லாசமாக வெளியே சென்று வருவதை அரபியில் 'நுஸ்ஹா' என்பர். தோட்டத்துக்கும் சோலைக்கும் போவதற்கு இன்று அச்சொல் வழங்குகிறது. ஆனால் அது பொதுமக்களின் பிழையான வழக்கு என்றும், அதன் வேர்ப்பொருள் 'தொலைவாக விலகியிருத்தல்' என்றும் பழைய அகராதியாசிரியர்கள் கண்டித்து எழுதினர். பழிப்புக்குரியவற்றிலிருந்து விலகி நிற்கும் நேர்மையாளனுக்கு அதே வேரிலிருந்துதான் 'நஸீஹ்' என்ற பெயர் வந்தது. உல்லாசத்துக்கும் நேர்மைக்கும் ஒரே வேர்! இன்பம் நாடிச் செல்பவன் தன் வீட்டிலிருந்து விலகிச் செல்வதோடு நின்றுவிடாமல், பிறிதோர் உயிரின் வீட்டிலிருந்தும் சற்று விலகி நிற்பானாயின், அச்சொல்லின் இரு பொருளும் அவனிடத்தில் நிறைவேறும்.

அவன் மான் எதையும் காணாமலே திரும்ப நேரலாம். அதனால் என்ன? மலைக்கு அப்பால், அவன் கண்ணுக்கு எட்டாத சரிவில், ஒரு தாய்மான் பனியைத் தோண்டித் தலைநிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும்.